கைமாறிய தூக்கம்

இனிமேல் ராத்திரி அடுப்பில் வேகப்போவது ரொட்டி மட்டும்தான், நான் இல்லை என்று சபதம் எடுத்தார் ரொட்டிக்காரர். அதற்கு வழியும் கையிலேயே கிடைத்துவிட்டது. நிஜமாகவே கையில்தான், மணிக்கட்டில்.

ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை பார்க்கிறவர்கள் பகலில் ஒழுங்காகத் தூங்குகிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆளுக்கொரு கைப்பட்டை கொடுத்திருந்தார்கள். பார்க்கக் கடிகாரம் மாதிரி இருக்கும். அசைவையும் நாடித்துடிப்பையும் பிடித்துக்கொள்ளும். கூடவே படுக்கைக்கு அடியில் போட ஒரு மெல்லிய விரிப்பு. ஆள் படுத்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மாதம் பார்த்துவிட்டு, தூக்கம் வராதவர்களைப் பகல் வேலைக்கு மாற்றுவதாகத் தொழிற்சாலை நர்ஸம்மா சொல்லியிருந்தார்.

ரொட்டிக்காரருக்கு இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். தலையணையைப் பார்த்தாலே அவருக்குக் கண் சொக்கிவிடும். செருப்பைக் கழற்றும்போதே பாதித் தூக்கம் முடிந்திருக்கும்.

காலையில் வீட்டுக்கு வந்ததும் பட்டையைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

"இத நீ கட்டிக்கோ."

"எதுக்கு?"

"நீதான் பகல் பூரா ஒரு இடத்துல உக்காரமாட்டியே. நான்தான் தூங்காம அலையறேன்னு அது நெனச்சுக்கும். நான் கூடத்துல தரையில படுத்துக்கறேன். விரிப்பு போட்ட கட்டில் காலியாவே கெடக்கட்டும்."

"சரி, பகல் வேலை கெடச்சா?"

"ராத்திரியெல்லாம் வீட்டுலயே இருப்பேன். உன் பக்கத்துலயே தூங்குவேன்."

அவள் உடனே கையை நீட்டினாள். "சரி, குடுங்க" என்றாள்.

அந்தச் 'சரி'தான் அவரை உறுத்தியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் அவள் இப்படி லேசில் சரி என்றதில்லை. ஜன்னலைத் திற என்றால்கூட, மூடி இருந்தா என்ன என்று கேட்கிறவள்.

தூங்கி எழுந்ததும் விசாரணையை ஆரம்பித்தார்.

"பட்டை எங்க?"

"என் கையிலதான். நல்லாப் பாருங்க."

"என் கையில தடம் இருக்கே?"

"ராத்திரி முழுக்கக் கட்டிக்கிட்டு மாவு பெசஞ்சா தடம் இருக்காதா?"

"முதுகுக்கு அடியில என்னமோ மெத்துன்னு இருந்துச்சு."

"தரை குளிருமேன்னு இன்னொரு போர்வை விரிச்சேன். அதுவும் தப்பா?"

தப்பில்லை. ஆனால் அக்கறை. திடீரென்று இவளுக்கு எங்கிருந்து வந்தது இந்த அக்கறை?

அடுத்த வீட்டுத் தையல்காரரிடம் துப்பு கேட்டார். "பகல்ல எங்க வீட்டுல என்னப்பா நடக்குது?"

"உங்க குறட்டைதாண்ணே நடக்குது. நான் மெஷின நிறுத்தினாலும் ஓடிக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு."

இனி யாரையும் நம்பிப் பயனில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் தானே வேவு பார்ப்பது என்று படுத்தார். மூடிய கண் தூங்கிற்று. திறந்த கண் அதற்குத் துணைக்குப் போயிற்று.

மாதம் முடிந்தது. நர்ஸம்மா திரையைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"நான் பாத்ததுலயே அருமையான தூக்கம் உங்களுதுதாங்க. படுத்ததும் தூங்கறீங்க. புரளறதுகூட இல்ல. உங்களுக்கு நிரந்தரமா ராத்திரி வேலையே எழுதிட்டேன்."

"பட்டையில ஏதாவது கோளாறு..."

"பட்டை ஒண்ணும் விரிப்பு ஒண்ணும் சொன்னாக் கோளாறு. ரெண்டும் ஒரே மாதிரி சொல்லுதே. பட்டைய நீங்கதான கட்டியிருந்தீங்க?"

ரொட்டிக்காரர் நேரே வீட்டுக்கு வந்தார்.

"நான் தூங்கினதும் பட்டைய என் கையில மாட்டினியா?"

"ஆமா. முழிக்கறதுக்கு முன்னால கழட்டிக்குவேன்."

"அந்த விரிப்பு?"

"உங்கள உருட்டிட்டு அடியில தள்ளினேன். நீங்கதான் இடி விழுந்தாலும் முழிக்கமாட்டீங்களே."

"ஏண்டி இப்படிப் பண்ணின?"

"நீங்க ராத்திரி வேலைக்குப் போன நாள்லேருந்துதான் நான் தூங்கவே ஆரம்பிச்சிருக்கேன். அந்தக் குறட்டையத் திரும்ப வெத்தல பாக்கு வெச்சு அழைக்க எனக்கென்ன பைத்தியமா?"

"நான் நர்ஸம்மாகிட்ட உண்மையச் சொல்லப்போறேன்."

"தாராளமாச் சொல்லுங்க. மொதல்ல உங்க உண்மைய, அப்புறம் என்னோடத."

இதை ஆற அமர யோசிக்க வேண்டும் என்று ரொட்டிக்காரர் சுவரில் சாய்ந்தார். அவள் உலுக்கி எழுப்பியபோது ராத்திரி வேலைக்கு நேரமாகியிருந்தது.