உங்கள் தங்கையின் காதுக்குள் ஓடிய தண்ணீர்

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சௌக்கியத்தைப் பற்றி மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதுவரை உட்கார்ந்தே படிக்கவும். ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது. "அண்ணனுக்கு மட்டும் சொல்லிடாதீங்க, பயந்துடும்" என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நேற்று மாலையோடு அந்தச் சத்தியம் காலாவதியாகிவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டேன்.

ஏழு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் காலையில் அவள் குளியலறை வாசலில் நின்றுகொண்டு, "ஏங்க, சுவத்துக்குள்ள எங்கேயோ தண்ணி ஓடுற சத்தம் கேக்குது" என்றாள். முப்பத்து நான்கு வருடம் தண்ணீர்க் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனிடம், அவன் தன் கையால் போட்ட குழாயே கசிகிறது என்றால் சும்மா இருப்பானா? அன்றைக்கே உளியும் சுத்தியலும் எடுத்தேன். குளியலறைச் சுவரை முழங்கால் உயரத்துக்கு இடித்துப் பார்த்தால் உள்ளே குழாய் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடக்கிறது. "இப்ப நின்னுச்சா?" என்றேன். "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு. ஆனா சமையலறைப் பக்கம் கேக்குது" என்றாள். சமையலறைச் சுவரை இடித்தேன். பிறகு படுக்கையறை என்றாள், அதையும் இடித்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "சார், வீட்டைக் கட்டுறீங்களா, காலி பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கோ ரோஷம். கட்டடத்துக்கே தண்ணீர் வருகிற பெரிய வால்வை ஒரு நாள் மூடிவிட்டேன். கீழ்வீட்டுக்காரர் தலை நிறைய சோப்பு நுரையோடு படிக்கட்டில் நின்று கத்துகிறார்; உங்கள் தங்கை மட்டும், "இன்னும் ஓடுதுங்க" என்கிறாள்.

மச்சான், கசிவு கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு இரும்புக் கம்பி உண்டு. ஒரு முனையைக் குழாய்மேல் வைத்து, மறுமுனையில் இருக்கும் மரக்குமிழில் காதை வைத்தால், மண்ணுக்கடியில் நாலடி ஆழத்தில் சொட்டுவதுகூடக் கேட்கும். வீட்டுச் சுவர் முழுக்க வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "அப்படின்னா உன் மண்டைக்குள்ளதான் ஓடுது!" என்று சிரித்துக்கொண்டே கம்பியை அவள் வலது காதுக்குப் பின்னால் வைத்துக் குனிந்தேன்.

புஸ்... புஸ்... புஸ்...

நல்ல அழுத்தத்தில், குறுகலான இடத்தில் பாய்கிற சத்தம். வாழ்நாள் முழுக்க நான் கேட்ட சத்தம். என் கை தானாகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தது. நாடியும் அதே தாளத்தில் அடித்தது. முகத்தில் இருந்த சிரிப்பை எப்படி எடுப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றேன். "என்னங்க, கேக்குதா?" என்றாள். "கேக்குதும்மா" என்றேன். இருவரும் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். படத்தைத் திரையில் காட்டி, "மூளையைச் சுத்தியிருக்கிற உறையில ஒரு தமனி, சேரக்கூடாத இடத்துல நேரா ஒரு சிரையோட சேர்ந்திருக்கு. வேகமா வர்ற ரத்தம் மெல்லிசான சிரைக்குள்ள அப்படியே பாயுது" என்றார். "எப்ப வேணும்னாலும் கசியுமா டாக்டர்?" என்றேன். "எப்ப வேணும்னாலும் வெடிக்கலாம் சார்" என்றார். மண்டையைத் திறக்க வேண்டியதில்லையாம். தொடையில் சின்னத் துளை போட்டு, நூல் மாதிரி ஒரு குழாயை ரத்த நாளத்துக்குள்ளேயே தலைவரை ஏற்றி, கோளாறான இணைப்பை ஒரு திரவத்தால் நிரப்பி அடைத்துவிடுவார்களாம். மச்சான், நான் ஆயுசு முழுக்க அடைப்பு எடுத்தவன். அடைப்பதற்காக ஒருவர் பத்து வருடம் படித்துவிட்டு வந்திருக்கிறார்!

"என்ன சிமெண்ட் டாக்டர்?" என்று கேட்டேன். உங்கள் தங்கை மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. "சிமெண்ட் இல்ல சார். ரத்தத்துல பட்டதும் இதோட வெளித்தோல் மட்டும் கெட்டியாகும், உள்ள இளகியே இருக்கும். அதனால கொஞ்சம் கொஞ்சமா முன்னால தள்ளிக்கிட்டே போகலாம். எக்ஸ்ரேல தெரியறதுக்காக உலோகப் பொடி கலந்திருக்கு. பொடி அடியில தங்கிடாம இருக்க இருபது நிமிஷம் குலுக்கித்தான் எடுப்போம்." "தப்பான பக்கம் ஓடிட்டா?" "அதுக்குத்தான் மெதுவா போடுறோம். ஓடினா கண்ணு போகலாம், வாய் கோணலாம், பக்கவாதம் வரலாம்." அவர் அதற்கு மேல் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

போன வாரம் காலை ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மூன்று மணி நேரம் என்றார்கள். வெளியே நீல நாற்காலிகள் பன்னிரண்டு; ஒன்பதாவதற்கு ஒரு கால் குட்டை. பன்னிரண்டு மணி ஆயிற்று, கதவு திறக்கவில்லை. ஒரு மணிக்கு ஒரு நர்ஸ் வந்தார். "சார், அடைச்சாச்சு. ஆனா டியூப்போட முனை அந்த மருந்துக்குள்ள கொஞ்சம் மாட்டிக்கிட்டு இருக்கு. டாக்டர் எடுத்துக்கிட்டிருக்காங்க. பயப்படாதீங்க" என்றார்.

பயப்படாமல் எப்படி இருப்பது? குழாய்க்குள் கம்பி மாட்டிக்கொள்வது எனக்குத் தெரியாத விஷயமா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாட்டிய கம்பியை வெடுக்கென்று இழுத்து, ஒரு தெருவையே நனைத்தவன் நான். இங்கே அந்தக் கம்பியின் மறுமுனையில் உங்கள் தங்கை படுத்திருக்கிறாள். எழுந்து ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "வெடுக்குனு இழுக்க வேணாம்னு சொல்லுங்கம்மா! விட்டுப் பிடிக்கணும், மெதுவா, மெதுவா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. நர்ஸ் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். குட்டைக்கால் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அது டக் டக்கென்று ஆட ஆட, அதற்கும் சேர்த்து "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்றே முக்காலுக்கு டாக்டரே வந்தார். தொப்பி நனைந்திருந்தது. "முடிஞ்சுது சார். நல்லா இருக்காங்க. மாட்டினா கழண்டுக்கிற மாதிரிதான் அந்த முனையைச் செஞ்சிருப்பாங்க. மெதுவா இழுத்துக்கிட்டே இருந்தேன், முனை மட்டும் உள்ள தங்கிடுச்சு. அதால தொந்தரவு இல்ல" என்றவர், போகும்போது திரும்பி, "நீங்க சொன்னது உள்ள வரைக்கும் கேட்டுச்சு. அப்படியேதான் செஞ்சேன்" என்றார். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள்.

மயக்கம் தெளிந்து கண் விழித்தவளிடம் குனிந்தால் குப்பென்று பூண்டு வாடை! எனக்கு வந்ததே கோபம். "இன்னும் தண்ணியே குடிக்கக் கூடாதுன்னீங்க, யாருங்க பூண்டு குடுத்தது?" என்று நர்சிடம் பாய்ந்தேன். மருந்தைக் கரைத்த திரவம் மூச்சு வழியாக வெளியே போகிறதாம். இரண்டு நாள் அப்படித்தான் வீசுமாம். உங்கள் தங்கை கண்ணை மூடிக்கொண்டே, "கத்தாதீங்க. எல்லாம் தெளிவா கேக்குது. அந்தச் சத்தம் இல்ல" என்றாள்.

மூன்றாம் பக்கம் வந்துவிட்டது, மச்சான். சௌக்கியம். நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆறு மாதம் கழித்து இன்னொரு படம் எடுக்க வேண்டும். ஆனால் ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ளாமல் என்னால் தூங்க முடியாது. ஏழு மாதம் அவள் தலைக்குள் இருந்ததை நான் சுவரில் தேடினேன். நான் போட்ட குழாயா கசியும் என்கிற ரோஷத்தில், அவள் முகத்தை ஒரு தடவைகூட உற்றுப் பார்க்கவில்லை. அதில் ஒரு நாள் அது வெடித்திருந்தால் உங்கள் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? என்னைத் திட்டி நாலு வரி எழுதுங்கள், மனசு ஆறும். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சிறுசுகளுக்கு ஆசி. யாருக்காவது காதில் சத்தம் கேட்டால் உடனே டாக்டரிடம் போகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
குற்றமுள்ள மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, நான்தான். கடித உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். சத்தம் கேட்டது ஏழு மாதமாக இல்லை, இரண்டு வருடமாக. தலையணையில் காதை வைத்தால் நாடியோடு சேர்ந்து அடிக்கும். தலைக்குள்தான் என்று முதல் வாரமே எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன சொல்லிவிடுவார்களோ என்று பயம். ஒரு நாள் நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றதை அவர் பார்த்துவிட்டு, "என்ன?" என்றார். வாயில் தண்ணீர்க் குழாய் என்று வந்துவிட்டது. அவர் இடிக்க இடிக்க எனக்கு நிம்மதியாக இருந்தது, அண்ணா. இடிக்கச் சுவர் இருக்கிறவரை ஆஸ்பத்திரி இல்லையே. அதனால்தான் ஒன்று முடிந்ததும் அடுத்ததைக் காட்டினேன். அவரைத் திட்டி எழுதிவிடாதே. எல்லாவற்றையும் அவரிடம் நானே சொல்லத்தான் போகிறேன். இப்போது மூன்றாவது சுவரைப் பூசிக்கொண்டிருக்கிறார். பூசி முடிக்கட்டும்.