கழுத்துப்பிடிக் காவலர்

புலியைக் காப்பாற்ற ஆள் இருக்கிறார்கள். ஆற்றைக் காப்பாற்ற ஆள் இருக்கிறார்கள். பழைய மல்யுத்தத்தைக் காப்பாற்றவும் ஆள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? நாலு பக்கமும் கயிறு கட்டிய மேடையில், பளபளக்கும் அரைக்கால் சட்டையோடு இரண்டு மலைகள் ஒன்றையொன்று தூக்கிப் போடுமே, தொலைக்காட்சியில் காட்டுவார்களே, அந்த மல்யுத்தத்தைத்தான் சொல்கிறேன். அதில் பழையதுதான் உசத்தி, புதியதெல்லாம் கூத்து என்று அறிவிப்பதற்காகவே பிறவி எடுத்த ஓர் இனம் உண்டு. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மல்யுத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அதை வெறும் மூச்சு என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். அது முன்னுரை.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்த ஒருவரைத்தான் இப்போது உங்களுக்குக் காட்டப்போகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணாடிக்காரர் என்றுதான் பெயர்ப்பலகை சொல்கிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் பிடிவாதம். எந்தப் பேச்சை எடுத்தாலும் அதைக் கொண்டுபோய் ஏதாவது ஒரு பிடியில் நிறுத்தி வாதம் செய்வதால் வந்த பெயர். அவர் காதுக்கும் அது எட்டியிருக்கிறது. பட்டம் கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

கண்ணாடிக்கடை என்பது இந்த இனத்துக்கென்றே அமைந்த தொழில். யோசித்துப் பாருங்கள். சோதனை இயந்திரத்தில் மோவாயைப் பொருத்தி, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, "அசையாதீங்க" என்ற உத்தரவுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிற வாடிக்கையாளரைவிட உத்தமமான சபை ஒரு பேச்சாளனுக்கு எங்கே கிடைக்கும்?

"கடைசி வரி தெரியுதா சார்?"

"கலங்கலா இருக்கு."

"இருக்கும். கண்ணுக்கு வேலை ஜாஸ்தி. ரெஸ்லிங் எல்லாம் பார்ப்பீங்களோ?"

"எப்பவாவது…"

முடிந்தது கதை. அந்த "எப்பவாவது" என்ற ஒற்றைச் சொல்லில் மனிதர் தன் கழுத்தைத் தானே நீட்டிவிட்டார். இனி வில்லைகள் மாறும், எழுத்துகள் பெரிதாகும், சிறிதாகும், தலைவலி வரும், ஆனால் பேச்சு நிற்காது. அந்தக் காலத்தில் ஒருவன் கழுத்துப்பிடி போட்டால் அது பிடி. விடுவித்துக்கொள்ள எதிராளி படும் பாட்டில் ஒரு காவியமே இருந்தது. இப்போது என்ன இருக்கிறது, வாணவேடிக்கை, புகை, காது கிழிகிற பாட்டு, ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறான், இன்னொருவன் கயிற்றின் மேலிருந்து குரங்கு மாதிரி குதிக்கிறான், குதித்தவனும் எழுந்துவிடுகிறான், குதிபட்டவனும் எழுந்துவிடுகிறான், பிறகு எதற்குத்தான் குதித்தார்கள்? இவ்வளவையும் சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் மூக்கின் மேல் கண்ணாடிச் சட்டத்தைச் சரிசெய்தபடி, இனத்தின் மூலமந்திரத்தை உச்சரிப்பார்:

"ஆனா இப்ப இருக்கிற பசங்களுக்கு அதெல்லாம் போரடிக்கும் சார். பொறுமை கிடையாது."

பாவம், பொறுமை என்றால் என்னவென்று அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவரைவிட யாருக்குத் தெரியும்?

கடையில் கூட்டமில்லாத நேரங்களில் திருப்பணி கைப்பேசியில் நடக்கும். பழைய பந்தயங்களை யாராவது புண்ணியவான் வலையேற்றியிருப்பார். இவர் அதைத் திறப்பார். வீரர்கள் மேடைக்கு நடந்து வருவதை ஆனந்தக் கண்ணீரோடு பார்ப்பார். மணி அடித்ததும் நேரே கீழே, கருத்து எழுதும் இடத்துக்கு இறங்கி, "இதுதான் மல்யுத்தம். இன்றைய ரசிகர்களுக்கு இதன் அருமை புரியாது" என்று எழுதிவிட்டு அடுத்த பந்தயத்துக்குப் போய்விடுவார். எந்தப் பந்தயத்திலாவது யார் ஜெயித்தார்கள் என்று தெரியுமா? கோயில் வாசலில் செருப்பைப் போட்டுவிட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்புகிற பக்தரை நீங்கள் பார்த்ததில்லை என்றால் இவரைப் பாருங்கள்.

இவருக்கு ஒரு மகள். கல்லூரியில் படிக்கிறாள். விதியின் விளையாட்டு என்னவென்றால், அவளும் மல்யுத்தப் பைத்தியம். ஆனால் இன்றைய மல்யுத்தம். சனிக்கிழமை மாலை அவள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால், இவர் தண்ணீர் குடிக்க ஒரு தடவை, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை, காரணமே இல்லாமல் இன்னொரு தடவை என்று குறுக்கே நடப்பார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு "ஹும்" உண்டு. மனைவி ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்: "ஒண்ணு உக்காந்து பாருங்க. இல்லேன்னா போயி படுங்க. நடுவுல நின்னுக்கிட்டு எதுக்கு மூச்சு விடறீங்க?"

"நான் பார்க்காத ரெஸ்லிங்கா?" என்றார் இவர்.

இப்படியே போயிருந்தால் இவரும் நிம்மதியாக இருந்திருப்பார், எனக்கும் எழுத வேலை இருந்திருக்காது. ஆனால் அந்த ஊர் விளையாட்டரங்கத்துக்கு ஒரு பெரிய மல்யுத்தக் குழு வரப்போவதாக அறிவிப்பு வந்தது. மகள் தன் கைக்காசில் இரண்டு டிக்கெட் வாங்கினாள். ஒன்று தனக்கு. இன்னொன்று யாருக்கு என்று நினைக்கிறீர்கள்?

"அப்பா, அடுத்த சனிக்கிழமை என்கூட வாங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் போனதே இல்ல."

எந்தத் தகப்பனும் கரைந்துவிடுகிற பேச்சு. இவர் கரையவில்லை. பெருமூச்சு விட்டார்.

"அந்தக் கூத்தைப் பார்க்க நானா? அந்தக் காலத்து மேட்ச் ஒண்ணை முழுசா உக்காந்து பாரு. அப்புறம் பேசு. உன்னால முடியாது. போரடிச்சு ஓடிருவே."

"ஓடலேன்னா வருவீங்களா?"

"ஓடாம இருந்து காட்டு. வரேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பகல் சாப்பாடு முடிந்து, மனைவி உள்ளே படுக்கப் போய்விட்டாள். இவருடைய அக்கா, புதிதாகப் போட்ட கண்ணாடி மூக்கை அழுத்துகிறது என்று காட்ட வந்தவள், சாப்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மகள் தேடி எடுத்து வைத்திருந்த பந்தயம் இவரே நூறு இடங்களில் மெச்சி எழுதியது: இரும்புத்தோள் என்ற மாமலைக்கும் செம்பட்டை என்ற தாடிக்காரனுக்கும் நடந்த கறுப்பு வெள்ளைப் பந்தயம்.

"போனை எல்லாரும் மேசையில வச்சிருவோம். யாரும் தொடக்கூடாது," என்றாள் மகள்.

"என்கிட்டயா சொல்றே?" என்று சிரித்தபடி வைத்தார்.

வீரர்கள் நடந்து வந்தார்கள். இவர் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். "பாட்டு இருக்கா? புகை இருக்கா? மனுஷன் பாரு, நடந்து வரான்!" மணி அடித்தது. இருவரும் தோளோடு தோள் முட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் இரும்புத்தோள் பாய்ந்த வேகத்தில் எதிராளி விலகிவிட, மூலைக் கம்பத்தில் இடது தோள் போய் மோதியது. செம்பட்டை உடனே அந்தக் கையைப் பிடித்தான். முறுக்கினான். பிடித்தபடி இருந்தான்.

இன்னும் பிடித்தபடி இருந்தான்.

இவர் மெதுவாகச் சோபாவில் பின்னால் சாய்ந்தார். "இனிமேதான் இருக்கு," என்றார். யாரும் கேட்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார், சத்தம் வருகிற மாதிரி இருந்தது, எழுந்து வேகத்தைக் குறைத்தார், பிறகு கூட்டினார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். தண்ணீர் குடித்தார். யாருக்காவது தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். திரையில் செம்பட்டை அதே கையை அதே மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தான். இவருடைய வலது கை, தலைவன் உத்தரவு இல்லாமல் தப்பியோடும் படைவீரனைப் போல, மேசைப் பக்கம் நகர்ந்தது.

"அப்பா, போன்," என்றாள் மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மணி பார்க்கலாம்னுதான்…"

"சுவத்துல இருக்குப்பா."

அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். "அத்தை, கவனிச்சீங்களா? அந்தத் தாடி வேற எங்கேயுமே அடிக்கல. இடது தோளை மட்டும்தான் குறி வைக்கிறான். இரும்புத்தோள் ஆளைத் தலைக்கு மேல தூக்கிப் போட்டுத்தான் ஜெயிப்பானாம். ஒரு கை போச்சுன்னா எப்படித் தூக்குவான்?"

"அது மட்டுமா?" என்றாள் அக்கா. "நடுவர் அந்தப் பக்கம் போனதும் கண்ணுல விரலை விடறான் பாரு, படுபாவி. டேய், நடுவரே, திரும்பிப் பாருடா!"

அப்புறம் தம்பி பக்கம் திரும்பினாள். "ஏன்டா, நீ எப்படா இதுக்கு ரசிகனானே? அப்பா இதைப் போட்டாலே 'சண்டையே வரல, கட்டிப்பிடிச்சுக்கிட்டே இருக்காங்க, மாத்து மாத்து'ன்னு காலை உதைச்சு அழுவியே. உனக்குப் பிடிச்சது முகமூடி போட்டுக்கிட்டு நாற்காலியால அடிப்பானே ஒருத்தன், அவன்தானே? வாயில இருந்து புகைகூட விடுவானே!"

மகள் சிரித்தாள். "அப்பா, புகையா?"

"அது வேற," என்றார் இவர். எது வேறு, எதிலிருந்து வேறு என்று விளக்கவில்லை. விளக்கம் தேடிக் கண்ணை மூடியவர், அதற்குப் பிறகு திறக்கவில்லை. முதலில் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு வாய் திறந்தது. பிறகு, மல்யுத்தத்தின் பொற்காலத்தைப் பற்றி அவர் இதுவரை வெளியிட்டவற்றிலேயே மிகவும் உண்மையான கருத்து, குறட்டையாக வெளிவந்தது.

அவர் தூங்கிய நேரத்தில் என்ன நடந்தது என்று நான் சொல்லியாக வேண்டும். அவர் சொல்ல மாட்டார். இரும்புத்தோள் இரண்டு முறை தூக்கப் பார்த்தான். இரண்டு முறையும் இடது கை துவண்டது. அக்கா தன் தோளையே தடவிக்கொண்டாள். மகள் நகத்தைக் கடித்தாள். செம்பட்டை கயிற்றில் மோதித் தள்ளாடிய ஒரு நொடியில், இரும்புத்தோள் தன் இடது கையை இடுப்போடு ஒடுக்கிக்கொண்டு, வலது கை ஒன்றாலேயே அவனைத் தூக்கிவிட்டான். கறுப்பு வெள்ளைக் கூட்டம் நாற்காலி மேல் ஏறியது. சோபாவில் இருந்த இரண்டு பெண்களும் எழுந்து நின்று கத்தினார்கள். இரும்புத்தோள் அவனைக் கீழே போட்டு, மேலே விழுந்து அமுக்கினான். மூன்று எண்ணும்வரை அமுக்கி வைத்தால் வெற்றி, நடுவர் எண்ணத் தொடங்கினார். மூன்று என்று சொல்லக் கையை ஓங்கியபோது மணி அடித்துவிட்டது. நேரம் முடிந்தது. பந்தயம் சமன்.

"அய்யோ!" என்று அக்கா போட்ட சத்தத்தில் இவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். திரையில் இரண்டு பேர் மூச்சு வாங்கக் கிடந்தார்கள். கணநேரத்தில் சுதாரித்துக்கொண்டார். இந்த இனத்துக்கு அந்தத் திறமை உண்டு.

"பார்த்தியா? சொன்னேன்ல! இதுதான் மல்யுத்தம்!"

"யாருப்பா ஜெயிச்சாங்க?" என்று கேட்டாள் மகள். கிண்டல் இல்லை. உண்மையாகவே சிரித்துக்கொண்டு, அவர் தப்பித்துக்கொள்ள ஒரு வழியையும் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

"இரும்புத்தோள்தான். வேற யாரு?"

"யாருமே ஜெயிக்கலப்பா."

ஒன்று சொல்கிறேன், அந்த இடத்தில் அவருக்கு எல்லாமே புரிந்தது. முகம் சிவந்ததே அதற்குச் சாட்சி. "எனக்குத் தூக்கம் வந்துருச்சும்மா" என்று சொல்லியிருந்தால் போதும். மூவரும் சிரித்திருப்பார்கள், அவரையும் சேர்த்துக்கொண்டு. அந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. அதை அங்கேயே மடக்கி, முறுக்கி, அமுக்கிப் போட்டார். அவர் வாழ்நாளில் போட்ட ஒரே உண்மையான பிடி அதுதான்.

"ஜெயிக்கிறதா முக்கியம்?" என்றார். "நீங்க முடிவைத்தான் பார்ப்பீங்க. உங்க தலைமுறைக்கு இதோட நுணுக்கம் புரியாது."

மகளின் சிரிப்பு நின்றது. தொலைக்காட்சியை அணைத்தாள்.

"சனிக்கிழமை வரீங்களா?"

"கடையில வேலை இருக்கு."

"சரிப்பா," என்று மட்டும் சொன்னாள். பிறகு திரும்பி, "அத்தை, நீங்க?" என்றாள்.

"எத்தனை மணிக்குடி?" என்றாள் அக்கா.

சனிக்கிழமை மாலை அத்தையும் மருமகளும் கைகோத்துக்கொண்டு தெருவில் போவதை இவர் கடைக்குள்ளிருந்து பார்த்தார். அக்கா அந்தப் புதுக் கண்ணாடியைப் போட்டிருந்தாள். இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு கணம் இவருக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடலாமா என்றுகூட இருந்தது. இருந்தது, அவ்வளவுதான். உள்ளே, சட்டம் தேர்ந்தெடுக்க வந்திருந்த ஒரு வங்கி ஊழியர் வெளியே சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்குத்தானே ரெஸ்லிங்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

பெருமூச்சு வந்தது.

"அதையேன் கேக்கறீங்க. போன வாரம் என் பொண்ணை உக்கார வச்சு ஒரு பழைய மேட்ச் முழுசாப் போட்டுக் காட்டினேன் சார். பாதியிலேயே தூங்கிட்டா."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் "இப்பல்லாம் யாரு சார் தடிமனான புத்தகத்தை உக்காந்து படிக்கிறாங்க" என்று கடைசியாக யாரிடம் சொன்னீர்கள்? அன்றைக்கு நீங்கள் எந்தப் புத்தகத்தின் எத்தனையாவது பக்கத்தில் இருந்தீர்கள்? போகட்டும், அதைக் கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டேன். இந்தச் சின்னக் கட்டுரையையாவது, அந்தக் கறுப்பு வெள்ளைப் பந்தயம் நடக்கிற இடத்தில் நாலு வரியைத் தாவிவிடாமல்தானே படித்தீர்கள்?