வழி விடுங்க, அண்ணாச்சிக்கு முடியலையாம்

அடுத்தவருக்கு வழி விடுவதில் என்னை மிஞ்சத் தூத்துக்குடியில் ஆள் கிடையாது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பேருந்தில் இடம் கொடுப்பேன். பேக்கரியில் எனக்குப் பின்னால் வந்தவருக்கு முதலில் மக்ரூன் கட்டச் சொல்வேன். லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் ஏற்றிவிட்டு, எனக்கு இடமில்லாமல் படியேறிப் போவேன். இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்த நல்ல பெயரை ஒரே நாளில், ஒரு தண்ணீர்ப் பூங்காவில், ஈர அரைக்கால் சட்டையோடு தொலைத்தேன். அந்தக் கதையை என் மச்சினன் சொல்லிக் கேட்டால் நான் மகா கோழை என்று தோன்றும். நானே சொன்னாலும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நான் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. (கன்டெய்னர் லாரிகள் கேட்டில் வரிசையாக நிற்கும். எது எப்போது உள்ளே போக வேண்டும் என்று பார்ப்பது என் பொறுப்பு. ஆகவே வரிசையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.) மனைவி ஜெபா நாசரேத்துப் பெண். அவளுடைய அப்பா பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ஹெச்.எம். சார். சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கி மேஜைக்குள் வைத்துவிட்டுத்தான் கை கழுவப் போவார். கல்யாணமான வாரம் அவர் முன்னால் நான் என் நாற்காலியைக் கிரீச்சென்று இழுத்துவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பார்வையைச் சரிக்கட்ட நான்கு மாதமாகச் சந்தர்ப்பம் தேடிக்கொண்டிருந்தேன்.

மே விடுமுறையில் சந்தர்ப்பம் வந்தது. ஜெபாவின் தம்பி எட்வின் பிடிவாதம் பிடித்து, மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்த தீம் பார்க்குக்கு வேன் ஏற்பாடு செய்தான். நான், ஜெபா, எட்வின், மாமா, மாமியார். வேன் ஏரலைத் தாண்டியதும் மாமா முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"பொது எடத்துல ஒரு குடும்பத்தோட தரம் உடுத்துற துணியில தெரியாது. கியூவுல நிக்கிற விதத்துல தெரியும். அடுத்தவங்களும் நம்மள மாதிரி சந்தோசமா இருக்கத்தான் வந்திருக்காங்க. அதை மனசுல வச்சுக்கிடணும்."

எட்வின் என் காதில், "அத்தான், இது அசெம்பிளி. ஆமென் சொன்னா முடிஞ்சிரும்" என்றான். நான் ஆமென் சொல்லவில்லை. அன்றைக்கு முழுவதும் அதை நடந்தே காட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பூங்காவில் தண்ணீருக்குள் இறங்க நைலான் உடைதான் போட வேண்டும் என்று சட்டம். மாமாவுக்குக் கிடைத்தது பச்சை நிறத்தில், கிளி கிளியாகப் படம் போட்டது. அதையும் பரிசளிப்பு விழாவுக்குக் கிளம்பியவர்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கௌரவமாக அணிந்திருந்தார். மாமியார் தண்ணீரில் இறங்க மறுத்து, பைகளை அணைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் நால்வரும் எட்வின் பிடித்த பிடியில் அங்கே இருந்ததிலேயே உயரமான சறுக்குக்குப் போனோம். ஆறு மாடி உயரம். உச்சியிலிருந்து ஒரு மஞ்சள் குழாய் வளைந்து வளைந்து கீழே வரும். மேலே போக ஒரே ஒரு சுருள் இரும்புப் படி. வரிசை அந்தப் படி நிறைந்து தரைக்கு வழிந்து நின்றது.

எட்வின் முதலில், பிறகு ஜெபா, பிறகு நான், எனக்குப் பின்னால் மாமா. அரை மணி நேரம் கழித்து, படியை நெருங்கும்போது, மஞ்சள் தொப்பி போட்ட ஒரு அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, கொஞ்சம் விடுதீயளா? ரொம்ப நேரமா வெயில்ல நிக்கோம்."

மாமா பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாராளமா போங்கக்கா" என்று கை நீட்டி வழி காட்டினேன். அந்த 'தாராளமா'வை நான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னது உண்மை.

அக்கா உள்ளே நுழையவில்லை. பின்பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். "ஏளா, எல்லாரும் இங்கன வாங்க. இந்த அண்ணாச்சி விடுதாவ."

ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் தம்பியாக இருந்தேன். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. யாரும் என்னை அண்ணாச்சி என்று அழைத்தது அதுவே முதல் முறை. அந்த மயக்கத்தில் இருந்தபோது, ஏரலிலிருந்து ஒரு முழு பஸ்ஸில் வந்திருந்த கூட்டம் மஞ்சள் தொப்பிகளோடு எனக்கு முன்னால் நுழைய ஆரம்பித்தது. முதல் ஐந்து பேருக்குச் சிரித்து "வாங்க" என்றேன். பத்தாவது ஆளுக்குத் தலையை மட்டும் அசைத்தேன். அதற்குப் பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மொத்தம் இருபத்தேழு பேர். ஜெபா திரும்பிப் பார்த்தபோது எங்களுக்கு நடுவில் ஒரு ஊரே இருந்தது.

மாமாவுக்குப் பின்னால் ஒருவர் இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்றிருந்தார். அவர் முன்னால் வந்து என்னிடம் மெதுவாகவே பேசினார்.

"தம்பி, நான் காயல்பட்டினம். வளைகுடாவுல இருந்து முப்பது நாள் லீவுல வந்திருக்கேன். இந்தப் பிள்ளைய அரை மணி நேரமா நிக்குது. நீங்க விட்டது உங்க எடத்த மட்டும் இல்ல. எங்க எல்லார் எடத்தையும் சேத்து விட்டிருக்கீங்க."

எனக்கு இது தோன்றவே இல்லை. என் இருபத்தொன்பது வருட வழிவிடலில் ஒரு நாளும் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

"அவர் சொல்லுறது நியாயம். மன்னிப்பு கேளுங்க மாப்பிள்ள" என்றார் மாமா.

கேட்டேன். அவரிடம் மட்டும் கேட்டு நிறுத்தியிருக்கலாம். எல்லோர் இடமும் என்றாரே என்று, வரிசையின் கடைசி வரை நடந்துபோய் ஒவ்வொருவரிடமாக வருத்தம் தெரிவித்தேன். பாதிப் பேருக்கு எதற்கென்றே புரியவில்லை. திரும்பி வந்து என் இடத்தில் நுழையப் போனபோது நடுவில் ஒருவர் என் தோளைப் பிடித்தார். "ஏலே, எங்கன பூருத? கியூ தெரியலையா?" காயல்பட்டினத்துக்காரர்தான் எனக்காகச் சாட்சி சொல்லி என்னை மீட்டார். மாமா அந்த நாற்காலிப் பார்வையை மறுபடியும் ஒரு தடவை பார்த்தார்.

படியேறி உச்சிக்குப் போக இன்னொரு முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் எட்வினும் ஜெபாவும் சறுக்கிக் கீழே போய்விட்டார்கள். உச்சியில் நின்று பார்த்தால் காற்றாலைகள் தெரிந்தன. மாமியார் ஒரு புள்ளியாகத் தெரிந்தார். குழாயின் வாய் இருட்டாக இருந்தது. ஒவ்வொருவராகப் படுத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உள்ளே போக, அவர்கள் போட்ட சத்தம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போனது. (கைகளை மார்பில் கட்டிக்கொண்டு படுப்பவர்களை அதுவரை நான் வேறு இடத்தில்தான் பார்த்திருந்தேன்.) என் முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆட ஆரம்பித்தன.

என் முறை வந்தது. நான் திரும்பி, காயல்பட்டினத்துக்காரரிடம், "நீங்க முதல்ல போங்க. உங்க எடத்தப் பறிச்சதுக்கு இதாவது செய்யுதேன்" என்றேன். அவர் நெகிழ்ந்துபோனார். "நல்ல மனசு தம்பி" என்று சொல்லி, பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தானும் போனார். அடுத்து நான்கு கல்லூரி மாணவர்கள். அவர்களுக்கும் விட்டேன். விசில் வைத்திருந்த ஊழியர் என்னைக் கவனிக்க ஆரம்பித்தார்.

"சார், நீங்க போறீங்களா இல்லையா?"

"மாமா, நீங்க போங்க. பெரியவங்க போன பிறகுதான் நான்" என்றேன்.

"சேச்சே. நீங்க வீட்டு மாப்பிள்ள. நீங்கதான் முதல்ல" என்றார் மாமா.

"இல்ல மாமா, முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

"முறைப்படிதான் சொல்லுதேன் மாப்பிள்ள."

ஆறு மாடி உயரத்தில், கிளிச்சட்டை போட்ட ஒரு தலைமை ஆசிரியரும் நானும் ஒருவரை ஒருவர் குழாய்க்குள் உபசரித்துக்கொண்டே நின்றோம். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசியில் ஊழியர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பயமா இருந்தா எறங்கிருங்க சார், தப்பே இல்ல" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நான் எறங்கிடுதேன்" என்றேன்.

மாமா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "மாப்பிள்ளையத் தனியா விட முடியாது. நானும் கூடப் போறேன்."

ஏறும் படியும் இறங்கும் படியும் ஒன்றே. ஒருவர் நிற்கும் அகலத்தில் ஆறு மாடிக்கு மனிதர்கள். ஒவ்வொருவரிடமும் "கொஞ்சம் வழி", "மன்னிச்சிருங்க", "கால மிதிச்சிட்டேனா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். மாமா என் தோளைப் பற்றியபடி பின்னால் வந்தார். ஐந்தாவது மாடித் திருப்பத்தில் எதிரே மஞ்சள் தொப்பி. அதற்குள் இன்னொரு அண்ணாச்சி வழி விட்டிருப்பார்போல, ஏரல் அக்கா கூட்டத்தோடு இரண்டாவது சுற்றுக்கு ஏறிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, எறங்குதீய?"

நான் வாயைத் திறக்குமுன் மாமா பதில் சொன்னார். "லேசா மயக்கம்."

அக்கா நன்றி மறக்காதவர். படிக் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏளா, வழி விடுங்க, நம்மள உள்ள விட்ட அண்ணாச்சிக்கு முடியலையாம்." அவர் கூட்டம் அதை வாங்கிக் கீழே அனுப்பியது. நான் ஒவ்வொரு படியாக இறங்க, செய்தி எனக்கு முன்னால் ஓடியது. நாலாவது மாடியில் "மயங்கி விழுந்துட்டாவளாம்." மூன்றில் "நெஞ்ச அடைக்காம்." இரண்டாவது மாடியில் ஒருவர் என்னிடமே, "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, ஹார்ட் அட்டாக் கேஸ் ஒண்ணு வாராம்" என்றார். நானும் ஒதுங்கி நின்றேன். பழக்கதோஷம்.

தரைக்கு வந்தபோது இரண்டு ஊழியர்கள் ஸ்ட்ரெச்சரோடு தயாராக நின்றார்கள். ஜெபா ஈரத்தோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். மாமியார் பைகளை விடாமலேயே ஜெபித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தோளில் இருந்த கை அழுத்தியது. அந்தக் கை ஆறு மாடியும் நடுங்கிக்கொண்டே வந்திருந்தது. அது என் நடுக்கம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மாமா என் காதருகில் குனிந்தார். "படுத்துருங்க மாப்பிள்ள. திடமா நிக்கிற ஆளுக்குத் துணை எதுக்குன்னு கேப்பாங்க."

படுத்தேன்.

முதலுதவி அறையில் நர்ஸ் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்து, "எல்லாம் நார்மலா இருக்கே" என்றார். பிறகு ஓரமாக உட்கார்ந்திருந்த மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவருக்கும் பட்டையைக் கட்டினார். "ஐயாவுக்குத்தான் ரொம்பக் கூடியிருக்கு."

"மருமகன நெனச்சுப் பதறிட்டாவ" என்று மாமியார் கண்ணைத் துடைத்தார். சன்னலுக்கு வெளியே நின்ற மஞ்சள் தொப்பிகள் உச்சுக்கொட்டின. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாமனாரா என்று ஏரல் அக்கா வியந்தார். காயல்பட்டினத்துக்காரர் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு வந்து, "துவா செய்யுதோம் தம்பி" என்றார். கல்லுக்குண்டுபோல் உடம்பை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் படுத்தபடி நன்றி சொன்னேன்.

ஜெபா என் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணீர் என் காலில் விழுந்தபோதுதான் எனக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது. அவளை அருகே கூப்பிட்டு, "ஜெபா, பயந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

"எதுக்குப் பயம்?"

"அந்தக் குழாய்க்கு."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. என் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளங்காலில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், சன்னலில் நின்றவர்கள் எனக்கு வலி திரும்பிவிட்டது என்று நினைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் வெளியே ஓடினாள். வேன் கிளம்புவதற்குள் எட்வினுக்குச் செய்தி போய்விட்டது.

வரும் வழி முழுக்க அவன் நடித்துக் காட்டினான். ஜெபா சிரித்தாள். மாமியார் பிள்ளையைக் கேலி செய்யாதே என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். மாமா மட்டும் முன் சீட்டில் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை நடுங்கியதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த ஒரே மரியாதை அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மறுநாள் மதியச் சாப்பாட்டில் சீலா மீனின் பெரிய துண்டை மாமா தன் கையாலேயே என் தட்டில் வைத்தார். யாருக்கும் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போதும் நாசரேத்து வீட்டில் நான் எந்த அறைக்குள் நுழைந்தாலும் எட்வின், "வழி விடுங்க, அண்ணாச்சிக்கு முடியலையாம்" என்பான். கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லியிருக்கிறான். முன்பின் தெரியாதவர்கள் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

போன பண்டிகைக்கு ஊரில் ராட்டினம் போட்டிருந்தார்கள். என் மகள் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, வாங்க, ஒரே ஒரு சுத்து."

எண்பதை நெருங்கும் மாமா உச்சியில் ஆடிக்கொண்டிருந்த பெட்டியை அண்ணாந்து பார்த்தார். பிறகு என் தோளில் கையை வைத்தார்.

"எனக்கென்னம்மா, இப்பவே வந்துருவேன். ஒங்க அப்பாவத்தான் தனியா விட முடியாது."