பெலான் பெலான் டாக்டர்

பினாங்குத் தீவில் நாற்பது வயதைத் தாண்டிய ஓட்டக்காரர்கள் யாராவது இன்னும் முழங்கால் கெடாமல் மாடிப்படி ஏறுகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் எலும்பு டாக்டர்கள் அல்ல. ஒரு பல் டாக்டர். இதை நான் எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. கிளினிக் பலகையில் பட்டங்களோடு பெரிதாக எழுதியிருந்தது. ஆனால் தண்ணீர்மலைப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலை ஓடுகிற கூட்டத்துக்கு அவர் 'பெலான் பெலான் டாக்டர்'தான். பெலான் பெலான் என்றால் மலாயில் 'மெதுவா, மெதுவா'. ஒரு மணி நேரத்தில் நூறு தடவையாவது அதைச் சொல்வார். மகள் அழைத்ததால் ஈப்போவுக்குக் குடிபோய்விட்டார். பூங்காவில் இப்போது அந்தச் சத்தம் இல்லை; குரங்குகளுக்குக்கூட ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

நான் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் திருகாணி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க நாற்காலி. ஒரு நாள் தீவுக்குத் திரும்பும் பெர்ரிப் படகு புறப்படப் போகிறதே என்று கொஞ்சம் எட்டி நடந்ததில் எனக்கு மூச்சு வாங்கியது; பக்கத்திலிருந்த சீனக் கிழவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அவருக்கு எண்பது வயது இருக்கும். அந்த வாரமே காலணி வாங்கி, ஞாயிறு காலை பூங்காவில் தலைதெறிக்க ஓடினேன்.

முதல் வளைவில் பக்கத்தில் ஒருவர் வந்து சேர்ந்தார். ஒல்லி. முழங்கால் வரை காலுறை. கழுத்தில் கட்டம் போட்ட கைக்குட்டை. அவர் ஓடுகிறாரா நடக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் என் கூடவே வந்தார்.

"தங்கச்சி, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம்.

"ஒரே ஒரு இட்லியா?"

தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்ல முடியலல்ல? அப்ப நீங்க ஓடல லா. ஓடிப்போறீங்க. யாரு துரத்துறா?"

நின்றுவிட்டேன். சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. அவர் அதற்குள் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். ஓடும்போது முழு வாக்கியம் பேச வர வேண்டும். அரை வாக்கியத்தில் மூச்சு முட்டினால் வேகம் அதிகம். பாதி வார்த்தையில் முட்டினால் வீட்டுக்குப் போய்விடலாம். நெடுந்தூர ஓட்டத்தில் அவருடைய முதல் சட்டம் இதுதான். சரியான சட்டம் என்று பிறகு எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். ஆனால் அதற்குள் இன்னொரு காரணமும் இருந்தது. மனிதர் முப்பது வருடமாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பவர்களிடம் கேள்வி கேட்டு வாழ்ந்தவர். "பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்பார், பதிலாக "ஆ... ஆ..." என்றுதான் வரும். முப்பது வருடம் பதிலே கிடைக்காத பசி. அதை ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் தீர்த்துக்கொண்டார்.

'ஆமாம்', 'இல்லை' என்ற பதில்கள் செல்லாது. "ரசம் எப்படி வைப்பீங்க? புளி கரைக்கிறதுலேர்ந்து சொல்லுங்க" என்பார். ரோசலின் டீச்சர் தன் பள்ளித் தலைமை ஆசிரியரோடு போட்ட சண்டையை வாரம் ஒரு பகுதியாகச் சொல்லி, இருபத்தொரு கிலோமீட்டர் ஓடப் பழகிவிட்டார். சேகர் அண்ணன் லாரிக் கம்பெனி முதலாளி. வாயில் முத்து வைத்திருப்பவர் போலப் பேசவே மாட்டார். டாக்டரிடம் அகப்பட்ட சில மாதங்களில், புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷனிலிருந்து தன் மனைவியை ரயிலேற்றிக் கூட்டிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட கதையை, மேட்டில் ஏறிக்கொண்டே முழுசாகச் சொல்லி முடித்தார். கேட்ட நாங்கள்தான் மூச்சுவிட மறந்தோம்.

ஓட்டத்துக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் கால் பரிசோதனை நடக்கும். அவருடைய காரின் பம்பரில் பாதத்தைத் தூக்கி வைக்க வேண்டும். சின்ன டார்ச் அடித்து விரல் விரலாகப் பார்ப்பார்.

"இந்த நகத்த வெட்டாம விட்டா கறுத்துப் போயிடும். இங்க வாசலின் தடவல. காலுறை புதுசா? ஒரு தடவ துவைச்சிட்டுத்தான் போடணும்."

ஒரு நாள் விரல் இடுக்கைப் பார்க்க நீளப் பிடி வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். டீச்சர் பாதத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"டாக்டர், இது வாய்க்குள்ள விடுற கண்ணாடி இல்ல?"

"இது வேற கண்ணாடி லா, டீச்சர்."

டீச்சர் அடுத்த பல்லை வேறு கிளினிக்கில் பிடுங்கிக்கொண்டார்.

கைக்கடிகாரம் அவருக்குப் பரம எதிரி. சேகர் அண்ணன் வாங்கிய கடிகாரம் நாடித்துடிப்பு, தூக்கம், கடல் மட்டத்திலிருந்து உயரம் எல்லாம் காட்டும். அடிக்கொரு தரம் கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் அண்ணன் பதறி வேகமெடுப்பார். டாக்டர் தன் கழுத்துக் கைக்குட்டையை அவிழ்த்துக் கடிகாரத்தின் மேல் இறுக்கிக் கட்டினார். "உங்க கால்ல வலி வந்தா இதுக்கு வலிக்குமா? அப்புறம் என்னா, இது சொல்றத கேட்டுக்கிட்டு!"

எல்லா விஷயத்திலும் அவர் சரி என்று சொல்லமாட்டேன். பார்லித் தண்ணீர் எல்லா நோய்க்கும் மருந்து என்று நம்பினார். வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் தோள் தளர்வாக இருக்கும் என்று ஒரு வாரம் சொன்னார். நாங்களும் ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு தண்ணீர்மலைக் குரங்குகளின் முன்னால் ஊர்வலம் போனோம். அடுத்த நிமிடம் நடந்ததை ஓட்டம் என்று சொல்ல முடியாது. பழம் போய், தொப்பி போய், சேகர் அண்ணன் கைக்குட்டை கட்டிய கடிகாரத்தோடு ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். தூரத்திலிருந்து குரல் கேட்டது:

"பெலான் பெலான்! அண்ணே, பேச்சு வருதா?"

அண்ணனுக்கு அன்றைக்கு நன்றாகவே பேச்சு வந்தது. அச்சில் போட முடியாது.

இப்படி எங்கள் எல்லாரையும் ஓட வைத்தவர், தான் மட்டும் ஒரு முழு மாரத்தான் முடித்ததில்லை. இது எங்களுக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு வருடம் வழியில் தசை பிடித்து விழுந்த ஒருவரின் காலை நீவிவிட்டு, அவரோடு பேசிக்கொண்டே முதலுதவிக் கூடாரத்தில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு வருடம் முதல் முறை ஓடுகிற ஒரு பெண் அழுதுகொண்டு நின்றதைப் பார்த்து, அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். அவருக்கு ஐம்பத்தெட்டு ஆனபோது, லிட்டில் இந்தியா தோசைக் கடையில் வைத்து அறிவித்தார்: "இந்த வருசம் யாரு விழுந்தாலும் நான் பாக்க மாட்டேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் ஓடியே தீருவேன்."

பயிற்சி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் வலது முழங்காலுக்குக் கீழே வலி வந்தது. எலும்பு டாக்டர், ஒன்றரை மாதம் ஓடக்கூடாது, மீறினால் எலும்பு விரிசல் விடும் என்று சொல்லிவிட்டார். எங்கள் டாக்டர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஓய்வும் பயிற்சிதான். நானே எத்தன தடவ சொல்லியிருக்கேன்!" ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வந்து எங்களை விரட்டினார். எவ்வளவு பக்குவமான மனிதர் என்று நாங்கள் மெய்சிலிர்த்துப் போனோம்.

ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறினேன். கடைசி வரிசையில் டாக்டர். மேலே முழுக்கைச் சட்டை, கீழே மடிப்புக் கலையாத கால்சட்டை. அதற்கும் கீழே ஓட்டக் காலணி. முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. காதோரம் வியர்வை காய்ந்து உப்பாகப் பூத்திருந்தது.

"டாக்டர்! இங்க எங்க?"

"புக்கிட் மெர்தாஜாம்ல ஒரு பல் முகாம், தங்கச்சி. இலவசமா."

"முகாமுக்கு ஓட்டச் சப்பாத்தா?"

"நின்னுக்கிட்டே இருக்கணும்ல. காலு வலிக்கும்."

"எத்தன பேருக்குப் பல்லு பாத்தீங்க? மொதல்லேர்ந்து விளக்கமா சொல்லுங்க."

வாயைத் திறந்தார், மூடினார். பெர்ரி அக்கரை சேரும்வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். தீவில் ஓடினால் நாங்கள் பார்த்துவிடுவோம் என்று, தண்ணீரைத் தாண்டிப் போய்த் திருட்டு ஓட்டம் ஓடியிருக்கிறார், ஐம்பத்தெட்டு வயதில்!

மறுநாள் தோசைக் கடையில் மூன்று பேரும் அவரை நடுவில் உட்கார வைத்தோம். டீச்சர்தான் ஆரம்பித்தார்.

"டாக்டர், சொத்தைப் பல்ல வச்சிக்கிட்டு நான் கரும்பு கடிச்சா நீங்க என்னா சொல்வீங்க?"

"அது வேற லா, டீச்சர்."

"என்னா வேற?"

கொஞ்ச நேரம் சட்னியைக் கிளறினார். பிறகு, நாங்கள் அதுவரை கேட்டிராத சின்னக் குரலில் பேசினார். "மத்தவங்களுக்குச் சொல்றது சுலபம். இத்தன வருசமா எல்லாரையும் ஓட அனுப்பிட்டு, பையையும் தண்ணி போத்தலையும் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். ஒருத்தர் விடாம மெடல் போட்டுக்கிட்டு வர்றீங்க. எனக்கும் ஒண்ணு வேணும்னு ஆச இருக்காதா?"

சேகர் அண்ணன் தன் பெரிய கையை அவர் தோளில் வைத்தார்.

"கால் ஒடஞ்சா எந்த மெடலும் கெடையாது, டாக்டர். சப்பாத்த கழட்டுங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

கழற்றினார். வெறுங்காலோடு என் காரில் ஏறி வீட்டுக்குப் போனார். அந்தக் காலணிகள் அண்ணனின் லாரியில் தைப்பிங், அலோர் ஸ்டார் என்று ஒன்றரை மாதம் ஊர் சுற்றின, டாக்டர் சுற்றவில்லை. நீச்சல் குளத்துக்குப் போனார். பக்கத்தில் நீந்துகிறவர்களிடம் கேள்வி கேட்டு நிறையத் தண்ணீர் குடித்தார் என்று கேள்வி. எலும்பு டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம் என்று தொடங்கி, வாரா வாரம் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை யாரும் அவருக்குச் சட்டம் சொல்லத் தேவைப்படவில்லை.

அந்த வருட மாரத்தானுக்கு நானும் முழுத் தூரத்துக்குப் பெயர் கொடுத்தேன். எனக்கு அரை மாரத்தானே போதும். ஆனால் இந்த மனிதரைத் தனியாக விட்டால் வழியில் விழுகிறவர்களுக்கெல்லாம் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

விடியுமுன் புறப்பட்டோம். முன்னால் ஓடியவர், பின்னால் ஓடியவர், தண்ணீர் கொடுத்த தொண்டர், போக்குவரத்துப் போலீஸ்காரர் எல்லாரிடமும் பேசினார். வெயில் ஏறியது. முப்பது கிலோமீட்டர் பலகை கடந்தது. அதன் பிறகு என் பக்கத்தில் சத்தம் இல்லை.

பேச்சை நிறுத்திவிட்டார். நான் இதுவரை பார்த்ததிலேயே பயங்கரமான காட்சி அதுதான்.

"டாக்டர், காலையில என்ன சாப்பிட்டீங்க?"

ஒரு விரலைத் தூக்கினார்.

கையைப் பிடித்து நிறுத்தினேன். உப்பும் தண்ணீரும் கொடுத்தேன். முகத்தில் தண்ணீர் ஊற்றி, கால் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். களைப்புதான். தலைசுற்றல் இல்லை. ஒரு விளக்குக் கம்பம் வரை நடை, அடுத்த கம்பம் வரை ஓட்டம் என்று முடிவு செய்தோம். பேசுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். என் மாமியார், என் மேனேஜர், நான் காதலித்துக் கட்டிக்கொள்ளாத ஒருவர், என் சாம்பார் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அவர் "ஆ... ஆ..." என்றார்.

நேரம் கடந்தவர்களை ஏற்றிப்போகும் வேன் எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, ஏறிக்கொள்கிறீர்களா அங்கிள் என்று மலாயில் பரிவாகக் கேட்டார். டாக்டருக்கு அப்போதுதான் குரல் திரும்பியது.

"தாக் மாவ்! வேணாம் போ!"

அந்தக் கோபத்திலேயே மூன்று கம்பம் நிற்காமல் ஓடினார்.

கடைசிக் கிலோமீட்டரில் சேகர் அண்ணனும் டீச்சரும் காத்திருந்தார்கள். அரை மாரத்தானை எப்போதோ முடித்து, ஜப்பான் செருப்பு என்கிற ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செருப்போடேயே கூட ஓடி வந்தார்கள். டீச்சர் கத்திய கத்தலில், முடிவுக் கோட்டில் கூடாரம் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். நேரம் முடிந்து மணியடிக்கச் சில நிமிடங்கள் மிச்சம் இருந்தன. டாக்டர் கோட்டைத் தாண்டினார். ஒரு மலாய்ப் பெண் அவர் கழுத்தில் மெடலைப் போட்டாள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். டீச்சர் அழுதார். சேகர் அண்ணன் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றார்.

என் காரில்தான் அவரை வீட்டில் விடப் போனேன். பிரேக்கை மிதிக்கிற ஒவ்வொரு முறையும் என் தொடை கெஞ்சியது. அவர் முதல் சிக்னலிலேயே தூங்கிவிட்டார். மெடல் நெஞ்சின் மேல் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வீட்டு வாசல் வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. கடற்கரைச் சாலையில் இன்னொரு சுற்றுப் போய் வரலாம் என்று காரைத் திருப்பினேன்.