சர்வர் மட்டும் சரியாகட்டும்

“எனக்கு ஒரு நல்ல சர்வர் மட்டும் கிடைக்கட்டும். அன்னிலேர்ந்து என் கடை ஒரு நொடிகூட மூடாது. ஐம்பது ஆர்டர் வரட்டும், மறுநாள் இந்த நாற்காலியில என்னை நீங்க பார்க்க மாட்டீங்க.”

இப்படி முழங்கியவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் தபால் பிரிவு எழுத்தர். முழங்கிய இடம் இரண்டாம் மாடி, ஜன்னலோரம். முழங்கிய காலம் நான்கு வருடங்களுக்கு முன்பு, பதினோரு மணித் தேநீரின்போது. வெறும் வாய்ப்பேச்சு என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக, அங்கேயே ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதி, கையெழுத்தும் போட்டு, தேதியை மட்டும் காலியாக விட்டு மேலாளரிடம் ஒப்படைத்தார். மேலாளர் அதை வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காத குறையாகப் பார்த்து, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வாசகரே, இவர் ‘அதுமட்டும்’ இனத்தைச் சேர்ந்தவர். இந்த இனம் எல்லாத் தட்பவெப்பத்திலும் வளரும். நல்ல ஷூ மட்டும் இருந்தால் விடிகாலையில் ஐந்து மைல் ஓடுபவர்கள், தனியறை மட்டும் இருந்தால் நாவல் எழுதுபவர்கள், மேலதிகாரி மட்டும் மாறினால் உழைப்பைக் கொட்டித் தீர்ப்பவர்கள் எல்லாரும் இதன் கிளைகள். நம்மவர் சர்வர் கிளை. ஒரு வலைப்பூவும் கொஞ்சம் வாய்ச்சொல்லும் இருந்தால் போதும், இந்தக் கிளை துளிர்த்துவிடும்.

நம்மவரின் வலைப்பூ கிறீச்சிடும் கதவுகளைப் பற்றியது. சிரிக்க வேண்டாம். ஒன்பது வருடங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள். ‘மரக்கதவின் அழுகையும் இரும்புக்கதவின் இருமலும்’ என்று ஒன்று. ‘அலமாரியைப் பேசாமடந்தையாக்குவது எப்படி’ என்று இன்னொன்று, மூன்று பாகங்களில். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் வாசலிலேயே நின்று கதவை இப்படியும் அப்படியும் பத்துத் தடவை ஆட்டிக் கீல்களின் ஒலியைப் பதிவு செய்வார். கிளம்பப் போகிறார் போலிருக்கிறது என்று வீட்டுக்காரர்கள் நிம்மதியாக எழுந்து வந்து ஏமாந்த கதைகள் உண்டு. இதனால் அலுவலகத்தில் அவருக்குக் கீலார் என்று பெயர். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

கீலார் சமையலறையில் நான்கு வகை எண்ணெயும் மெழுகும் கலந்து ஒரு மருந்தும் கண்டுபிடித்தார். அதன் பெயர் கிறீச்நாசினி. ஒரு சொட்டு விட்டால் கதவு வாயை மூடிக்கொள்ளும். உண்மையிலேயே மூடிக்கொள்ளும், அதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

ஆனால் அதை விற்க வேண்டிய தளம் திறந்தால்தானே? கீலாரின் வலைப்பூ இருந்தது ஆக மலிவான வாடகை சர்வரில். அவருடைய மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர், அதை ஒண்டுக்குடித்தனம் என்றே சொல்வார். ஒரே சர்வரில் நானூறு தளங்கள், எல்லாருக்குமாக ஒரே குழாய், அதிலும் பக்கத்துப் போர்ஷனில் இருந்த கிளி வளர்ப்போர் சங்கத்தார் காலையில் கிளிப் படங்களை ஏற்ற ஆரம்பித்தால் சாயங்காலம்வரை மற்றவர்களுக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. கீலாரின் பக்கத்தைத் தட்டிய ஒருவர், துணி துவைத்து, பிழிந்து, காயப்போட்டுவிட்டு வந்தால் தலைப்பில் பாதி தெரியும். ஆர்டர் படிவமோ சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, நீங்கள் யார் என்பதையே மறந்துவிடும்.

நான்கு வருடங்களில் வந்த ஆர்டர்கள் இரண்டு. ஒன்று மைத்துனர் சோதனைக்குப் போட்டது. மற்றது கீலாரே போட்டது. அதைத் தானே பொட்டலம் கட்டி, தானே அனுப்பி, தபால் பிரிவு எழுத்தர் என்ற முறையில் தானே கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டார். சேவை திருப்தி என்று கருத்தும் எழுதினார்.

இதற்காக அவர் வருந்தினாரா? அங்கேதான் நீங்கள் இந்த இனத்தைப் புரிந்துகொள்ளவில்லை. சர்வர் சரியில்லாத அந்த நான்கு வருடங்கள் போல இனிப்பான காலம் அவர் வாழ்வில் இருந்ததில்லை. பல் டாக்டரிடம் போகச் சொன்னால், சர்வர் சரியாகட்டும். மகளின் சைக்கிள் செயின் கழன்றால், சர்வர் சரியாகட்டும். அவருடைய சொந்தக் குளியலறைக் கதவு ஆறு வருடமாக ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி மனைவி கேட்டபோது, ஆராய்ச்சிக்கு ஒரு கிறீச்சொலி கைவசம் வேண்டும், சர்வர் சரியானதும் பார்க்கலாம் என்று விளக்கமளித்தார்.

அந்த அம்மையார் கணக்கு டீச்சர். ஒரு விடை வரவில்லை என்றால் முதல் வரிக்குத் திரும்பிப் போகிறவர். போனார். கல்யாண நாள் அன்று கணவர் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார்.

“என்ன இது?”

“தனி சர்வர். தம்பிகிட்ட சொல்லி வாங்கினேன். ராத்திரியே எல்லாத்தையும் மாத்திட்டான். இனிமே கிளியும் கிடையாது கிளிக்கூண்டும் கிடையாது. இப்ப அந்தக் குளியலறைக் கதவைப் பாருங்க.”

கீலார் அந்தக் காகிதத்தைப் பார்த்த பார்வையை, மாற்றல் உத்தரவைப் பார்க்கும் அரசு ஊழியர்களின் முகத்தில் நீங்கள் கண்டிருக்கலாம்.

தளம் இப்போது கண்ணிமைப்பதற்குள் திறந்தது. இத்தனை வருடமாக ஆட்கள் வராமல் இல்லை. வந்தவர்கள் வாசலில் நின்று அலுத்துப்போய்த் திரும்பியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் நாளே நான்கு ஆர்டர். ஒரு நூலகர் கேட்டார். நாடக அரங்கின் பொறுப்பாளர் ஒருவர், சோகக் காட்சியில் பக்கவாட்டுக் கதவு தனி வசனம் பேசுகிறது என்று எழுதி மூன்று பாட்டில் கேட்டார். கூட்டுக் குடும்பத்தில் வசிக்கும் புதுமணத் தம்பதியர் காரணம் எதுவும் எழுதாமல் அவசரம் என்று மட்டும் எழுதினார்கள். டாக்டர் எச்சரித்தும் இரவில் பிஸ்கட் தின்னும் ஒருவர், பிஸ்கட் அலமாரிக்கு என்று வெளிப்படையாகவே எழுதினார்.

நல்ல காலத்தில் கீலார் செய்துவைத்த ஓர் ஏற்பாடு இப்போது அவர் கழுத்தைப் பிடித்தது. ‘இதுவரை வந்த ஆர்டர்கள்’ என்று தளத்தின் நெற்றியிலேயே ஓர் எண் ஓட வேண்டும், அதுவும் தூரத்திலிருந்து படிக்கிற அளவில் இருக்க வேண்டும் என்று மைத்துனரிடம் அடம்பிடித்து வைத்திருந்தார். இரண்டாக இருந்தபோது அதை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அது பதினெட்டு ஆனதும் இரண்டாம் மாடி முழுக்கப் பார்த்தது.

“இருபத்தேழு,” என்பார் மேலாளர், வணக்கத்துக்குப் பதிலாக. “தேதியைப் பத்திக் கவலைப்படாதீங்க, நானே போட்டுக்கறேன்.”

வீட்டிலோ மனைவி மாலை நேரத்தில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டியபடி, இவ்வளவு திறமையை ஒரு தபால் மேசைக்கடியில் மறைத்து வைத்திருந்தீர்களே என்று உருகினார். வேலையை விடுவதில் தனக்கு ஆட்சேபணையே இல்லை என்றும், தைரியமாகத் தொழிலில் இறங்கலாம் என்றும் சொன்னார். புகழ்ச்சி இவ்வளவு வலிக்கும் என்று கீலாருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவர் தன் மேசையை முதன்முறையாக நன்றாகப் பார்த்தார். தலைக்கு மேல் மின்விசிறி, நேர் கீழே அவர் மட்டும். இடது கைப்பக்கம் ஜன்னல், அதில் வரும் காற்று, கூடவே எதிர்க்கட்டடத்தின் வேடிக்கை. பூட்டுள்ள டிராயர், அதற்குள் ஒரு சின்னத் தலையணை. இரண்டே கால் மணிக்குக் கண்ணைத் திறந்தபடியே அவர் தூங்கும் இருபது நிமிடத் தூக்கம் எந்தத் தொழிலதிபருக்குக் கிடைக்கும்? இருபத்தொரு வருட உறவு. ஸ்டேப்ளர்கூட அவர் கைக்குத்தான் மக்கர் செய்யாது.

எனவே அவர் தன் தொழிலை ஒழிக்க முடிவெடுத்தார். ‘கிறீச்சொலியின் பதினோரு நன்மைகள்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். கதவு கிறீச்சிட்டால் திருடன் வருவது தெரியும், குழந்தை வெளியே போவது தெரியும், ஆகவே யாரும் எண்ணெய் விடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாக முடித்தார். பழைய சர்வராக இருந்தால் அது தலைப்போடு நின்றிருக்கும். இது தனி சர்வர். பன்னிரண்டாயிரம் பேர் படித்தார்கள், சிரித்தார்கள், ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். தளம் அசையவே இல்லை. ஒரே வாரத்தில் இன்னும் பத்தொன்பது ஆர்டர்.

நாற்பத்தொன்பதை அது எட்டியது ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு.

கீலாருக்கு எதிர்மூலையில் இருந்த மேசை கோப்புப் பிரிவு அம்மாவுடையது. பத்தொன்பது வருடமாகக் காகித அலமாரிகளுக்கு நடுவே, காற்றும் வெளிச்சமும் எட்டிப் பார்க்காத மூலையில் இருப்பவர். ஜன்னலோர மேசை காலியானால் அடுத்த உரிமை அவருக்கு. அவர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்தார்.

“சார், ஆர்டர் போடணும்னா எங்க தட்டணும்?”

“உங்க வீட்டுக் கதவு கிறீச்சிடுதா?”

“இல்லையே. இருந்தாலும் ஒரு பாட்டில் இருக்கட்டும். பேர் போட்டுட்டேன். இப்ப விலாசம் கேக்குது.”

ஒற்றை விரலால் அவர் எழுத்தெழுத்தாகத் தட்டத் தொடங்கினார். நடுநடுவே நிமிர்ந்து பார்த்தார். கீலாரை அல்ல, ஜன்னலை.

கீலார் வராந்தாவுக்கு ஓடி மைத்துனரைக் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை, அந்த சர்வரைக் கொஞ்சம் மெதுவாக்க முடியுமா?”

“மெதுவாவா? அத்தான், வேகமாக்கச் சொல்லித்தான் ஜனங்க என்னைப் பிடுங்குவாங்க.”

“இல்ல, பழைய இடத்துக்கே போயிடலாமான்னு பார்க்கறேன். அங்க அக்கம்பக்கம் நல்லா இருந்துச்சு.”

“கிளிச் சங்கமா?”

“நல்ல மனுஷங்கப்பா.”

அதற்கெல்லாம் அரை நாளாகும் என்றார் மைத்துனர். உள்ளே விலாசம் முடிந்து தொலைபேசி எண்ணில் ஏழு இலக்கங்கள் ஆகியிருந்தன. ஒன்பது வருடத்தில் தன் தளத்தின் அமைப்புகளில் ஒன்றைக்கூடத் தானாகத் தொட்டறியாத கீலார், வராந்தாவில் நின்றபடியே நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்து, நான்கு அறைகளைத் தாண்டி, மூலையில் கிடந்த பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினார். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“சார், அனுப்புன்னு தட்டினேன். ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது’ன்னு வருதே?”

“அப்படியா? அடடா,” என்றார் கீலார். “சர்வர் சரியில்லம்மா.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நான்கு வருடத்து நிம்மதி முழுசாகத் திரும்பி வந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போய், கேட்காமலே குளியலறைக் கதவுக்கு இரண்டு சொட்டு விட்டார். கணக்கு டீச்சர் கதவையும் பார்த்தார், கணவரையும் பார்த்தார். பிறகு லேபிள் தாள்களை மடித்து உள்ளே வைத்தார்.

வாசகரே, நீங்கள் இதுவரை சிரித்தது எனக்குக் கேட்டது. அது மட்டும் கிடைத்தால் என்று நீங்களும் எதையோ சொல்லிவருகிறீர்கள்; எது என்று நான் கேட்கப்போவதில்லை. அது எதுவானாலும் வீட்டில் சத்தமாகச் சொல்லாதீர்கள். யாராவது ஒருநாள் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

மறுநாள் காலை சரியாகப் பத்து மணிக்குக் கீலார் இரண்டாம் மாடிக்கு வந்தார். கோப்புப் பிரிவு அம்மா செல்போனில் இன்னும் ‘பராமரிப்பு’ என்றே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளரின் கையில் பேனா இருந்தது. கீலார் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், கால் நுனியில் நடந்து போய், ஜன்னலோர நாற்காலியில் ஓசைப்படாமல் மெல்ல அமர்ந்தார்.

நாற்காலி கிறீச்சிட்டது.