தக்காளிப் பாத்தியில் போட்ட புல்

பாசமுள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடி இருக்க வேண்டும். பேத்தி கணக்கில் முதலாவதாக வந்தாளாமே, என் மூளை அவளுக்கு. நான் ஐந்தாவதோடு நின்றதற்கு என் அப்பாதான் காரணம், மூளை காரணமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா போனபின் உன் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டான் அல்லவா, அவர் கடைசியாக நட்ட பன்னிரண்டு தக்காளிச் செடியையும் காய்க்கும் வரை காப்பாற்றிக் காட்டினால் நான் இந்த வீட்டில் தனியாக இருக்கலாம், இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு அவனுடைய மூன்றாம் மாடி வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று. செடிகள் என் இடுப்புக்கு வளர்ந்து நின்றன. போன மாதம் புல் வெட்டுகிறவர் வந்தார். வெட்டிய புல்லை மூட்டை கட்டப் போனவரை நிறுத்தி, செடிக்கு அடியில் போட்டால் ஈரம் காயாது, களை வராது, பத்திரிகையில் படித்திருக்கிறேன் என்றேன். காயவைத்து விரல் கனத்துக்குத்தான் தூவ வேண்டும் என்றார். நான் யார் பேச்சைக் கேட்டேன், ஈரத்தோடு முழங்கால் உயரத்துக்குக் குவித்துவிட்டேன். மூன்றாம் நாள் அது சூடேறி ஆவி விட்டு, செத்த எலி மாதிரி நாறி, பக்கத்து வீட்டுத் தபால்காரர், ஓய்வு பெற்றவர்தான், தீப்பிடித்துவிட்டது என்று வேலி தாண்டிக் குதித்து நான்கு வாளித் தண்ணீர் ஊற்றினார், அதில் இரண்டு என்மேல். சரி போகட்டும் என்று குவியலைக் கலைத்து மெல்லிசாகப் பரப்பினேன். ஒரே வாரத்தில் இலையெல்லாம் கோழிக்கால் மாதிரிச் சுருண்டு பன்னிரண்டும் போயிற்று. புல் வெட்டுகிறவர் வந்து பார்த்துவிட்டு, "பாட்டி, புல்லுல களைக்கொல்லி அடிச்சிருக்காங்க. அது புல்லை ஒண்ணும் பண்ணாது, தக்காளிய விடாது. யாரு அடிச்சது?" என்றார்.

வேறு யார்? புல் வெட்டுவதற்கு முந்தின ஞாயிறு உன் அண்ணி வந்து புல்தரையில் தனியாகத்தான் நின்றுகொண்டிருந்தாள். போனைப் போட்டுக் கேட்டேவிட்டேன். "மாமனார் வச்ச செடியக் கொல்ல உனக்கு எப்படிம்மா கை வந்துது?" அவள் அழுதாள். குற்றம் செய்தவள்தானே அழுவாள். அண்ணன் போனைப் பிடுங்கி, முதல் தேதி வருகிறேன், பெட்டியைக் கட்டி வை என்று வைத்துவிட்டான். நீதான் அவனிடம் பேச வேண்டும். என் அடுப்பு, என் மாத்திரை, என் கதவுச் சாவி எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது, என் புத்தி தெளிவாக இருக்கிறது, கெடுத்தது அவன் பெண்டாட்டிதான் என்று சொல்.

உங்கள் மூவருக்கும் ஒரு தலைவலிகூட வராமல் இருக்க என் ஆசி.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்.

பின்குறிப்பு: தபாலில் போடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதை நீட்டி விஷயத்தையும் சொன்னேன். அவர் வாங்காமல் நின்றார். "மூடி இறுக்கமா இருக்குன்னு அந்த டப்பாவ நீங்கதானே எடுத்துட்டு வந்தீங்க. புல்லுக்குப் போடுற உரம்னு சொன்னீங்க. நான்தானே திறந்து குடுத்தேன்" என்றார். பொய் சொல்கிற மனிதர் இல்லை. கொட்டகையில் போய்ப் பார்த்தேன், களைக்கொல்லி என்று எழுதிய டப்பா காலியாக இருக்கிறது. எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. அண்ணியிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று எழுது, அதைப் பார்த்துப் படித்துவிடுகிறேன். மேலே முதல் தேதி என்று எழுதியிருக்கிறேன், அது சரிதானா என்றும் அண்ணனிடம் கேள்.