பித்தளைப் பானையும் நெருப்பில்லாத அடுப்பும்

ஒரு பொருளைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவன்தான் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவான். எண்பதுகளின் கடைசியில் நான் அப்படித்தான் பேசித் திரிந்தேன்.

அப்போது சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு டெக்னீசியன் வேலை. ஊருக்குத் திரும்பிய ஜப்பான் இன்ஜினியர் தன்னுடைய இண்டக்ஷன் அடுப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே, நம்மூர் வோல்டேஜை ஜப்பான் அடுப்புக்கு ஏற்றபடி குறைக்க, ஆட்டுக்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர். அவர் கொடுத்த கெட்டிலை வைத்துப் பார்த்தேன். சில நிமிடங்களில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மாதம்தான் பீடோங்கில் வீடு வாங்கினோம். கோலா கெத்தில் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வர அம்மாவுக்கு மனசே இல்லை. "பால் நல்லபடியா பொங்குனா இருக்கேன். இல்லாட்டி வந்த லோரியிலயே திரும்பிப் போயிடுவேன்" என்றார். (அம்மா விளையாட்டுக்குப் பேசுகிற ஆளில்லை.) வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பால் பொங்க வேண்டும். பொங்கும்வரை சாமான் எதுவும் லோரியை விட்டு இறங்கக் கூடாது.

"எதுக்கும் ஒரு காஸ் அடுப்பு வாங்கி வைப்போம் தம்பி" என்று அக்கா சொன்னாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் ஓங்கி அறையத் தோன்றுகிறது. (என் கன்னத்தில்தான்.)

புதுப் பித்தளைப் பானைக்கு மஞ்சள் கட்டி, பாலை ஊற்றி, அடுப்பில் வைத்தார் அம்மா. உறவுக்கூட்டம் சூழ்ந்து நின்றது.

"நெருப்பு எங்கடா?" என்றார் மாமா.

"நெருப்பே கிடையாது மாமா! கண்ணாடிக்குக் கீழ கம்பிச் சுருள் இருக்கு. அதுல கரண்டு முன்னும் பின்னுமா ஓடுனா காந்த சக்தி மாறி மாறி வரும். அது பானையோட அடியிலயே கரண்டைச் சுழல விடும். அடுப்பு சுடாது, பானைதான் சுடும்!"

மாமா பானையைத் தொட்டார். "சுடலையே லா."

அடுப்பு பீப் பீப் என்று கத்தியது. சிவப்பு விளக்கு மின்னியது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன். பானையைத் திருப்பி வைத்தேன். டிரான்ஸ்பார்மரை ஒரு தட்டு தட்டினேன். பால் நிம்மதியாகக் குளிர்ந்து கிடந்தது.

அடுப்போடு வந்த ஜப்பானியப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரே ஒரு படம்தான் எனக்குப் புரிந்தது. ஒரு பாத்திரம், அதன் அடியில் ஒட்டிய காந்தம். எனக்கு வியர்த்துவிட்டது. காந்தம் ஒட்டுகிற இரும்புப் பாத்திரத்தில்தான் அந்தக் கரண்டு முட்டி மோதிச் சுழன்று சூடாக்கும். பித்தளையில் காந்தம் ஒட்டாது. பானை ஒன்று தன் தலைமேல் இருப்பதே அந்த அடுப்புக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா (மக்சிக் என்று கூப்பிடுவோம்) தன் காஸ் அடுப்பைத் தரட்டுமா என்றார். "மொதப் பாலு, இரவல் அடுப்புலயா?" என்று அம்மா வாசலுக்கு நடந்தார். மஞ்சள் கட்டிய பானையை மாற்றவும் ஒப்பமாட்டார். மணி பத்து. லோரிக்கார அண்ணன் என்ஜினையே கிளப்பிவிட்டார். வீடும் போச்சு, அம்மாவும் போச்சு என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தம்பி, இரும்புதானே வேணும்?" என்றாள் அக்கா. "தோசைக்கல்லு இரும்புதானே? அத அடியில வச்சா?"

"சாமான் உள்ள வரக் கூடாதுடி!" என்றார் அம்மா.

"அது சாமான் இல்லம்மா. இப்போ அது அடுப்பு."

அம்மா யோசித்தார். மறுக்கவில்லை. அக்கா லோரியில் ஏறி, மூட்டையைப் பிரித்துக் கல்லோடு குதித்தாள். அடுப்பில் கல், கல்லின் மேல் பானை. பீப் சத்தம் சட்டென்று நின்றது. கல் சூடேறி, பானை சூடேறி, பாலில் ஆடை படிந்து, ராகு காலத்துக்கு ஐந்தே நிமிடம் இருக்கும்போது பால் பொங்கி நான்கு பக்கமும் வழிந்தது. அடுப்பு ஒரு முறை முனகிவிட்டு நிரந்தரமாகக் கண்ணை மூடியது. எனக்குத் துளியும் வருத்தமில்லை. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எறக்குப்பா!" என்று அம்மா வாசலைப் பார்த்துக் கத்தினார். அந்த ஒரு சொல்லைப் போல இனிமையான சொல்லை நான் இதுவரை கேட்டதில்லை.

பல வருடம் கழித்து என் மகள் கூலிமில் வீடு வாங்கினாள். காஸ் அடுப்பு, தாராளமான நேரம், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அம்மா சாமி படத்துக்கும் முன்னதாகத் தோசைக்கல்லைத்தான் உள்ளே அனுப்பினார். சம்பந்தி அம்மா ஏன் என்று கேட்டார்.

"எங்க குடும்ப வழக்கம்" என்றார் அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அக்கா அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.